80,000 ரூபாய் பேக்கேஜும் பி.காம் படிப்பும்: கேள்வி-பதில்

கேள்வி: என் மகள் பி.காம் சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி (கணக்கு மென்பொருள்), அட்வான்ஸ்டு எக்செல், பவர் பிஐ (தரவு அறிக்கை மென்பொருள்), எஸ்ஏபி ஃபைகோ (பெரிய கம்பெனிகளின் கணக்கு மென்பொருள்) நான்கையும் சேர்த்து, தள்ளுபடி போக 68,000 ரூபாய் என்கிறார்கள். ஜிஎஸ்டி தனி. டிகிரி முடியும்போது நான்கு சர்டிபிகேட்டும் கையில் இருக்குமாம், வேலை 100 சதவீதம் உறுதியாம், மாதத் தவணையிலும் கட்டலாமாம். சனிக்கிழமைக்குள் சேர்ந்தால்தான் இந்த விலை என்கிறார்கள். சேர்த்துவிடலாமா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: சனிக்கிழமைக்குள் வேண்டாம். இந்தத் தள்ளுபடி பெரும்பாலும் அடுத்த சனிக்கிழமையும் இருக்கும்.

முதலில் கணக்கு. தனியார் பயிற்சிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 68,000க்கு 12,240 ரூபாய் ஏறும். ஆக, நீங்கள் கொடுக்கப்போவது 80,240. அரசுக் கல்லூரியில் மூன்று வருடம் பி.காம் படித்தாலும் கட்டணம் இவ்வளவு வராது. ஜிஎஸ்டி வாங்குகிறவர்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் தர வேண்டும். பதிவு செய்யாத சென்டர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. எண்ணைக் கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து, பேக்கேஜைப் பிரித்துப் போடுங்கள். நான்கும் ஒரே தரத்துப் பொருள் இல்லை.

டேலி உங்கள் மகளுக்குத் தேவைதான். நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸ், மில், மொத்த வியாபாரக் கடை எங்கே போனாலும் முதல் கேள்வி அதுதான். ஆனால் பல கல்லூரிகளில் பி.காம் சிஏ பாடத்திட்டத்திலேயே டேலி லேப் இருக்கிறது. முதலில் அவளுடைய சிலபஸை எடுத்துப் பாருங்கள். ஏற்கனவே கட்டணம் கட்டியிருக்கும் பாடத்துக்கு வெளியே மறுபடி பணம் கட்ட வேண்டாம். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். பழகுவதற்கு அது போதும்.

எக்செலுக்கு சர்டிபிகேட்டைவிடக் கைப்பழக்கம் முக்கியம். இன்டர்வியூவில் ஒரு ஷீட்டைத் திறந்து கொடுத்து, விலுக்கப் (VLOOKUP) போடு, பிவட் டேபிள் எடு, பேங்க் ஸ்டேட்மென்டையும் லெட்ஜரையும் ஒப்பிட்டுச் சரிபார் என்பார்கள். அங்கே சர்டிபிகேட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பவர் பிஐ டெஸ்க்டாப்பை மைக்ரோசாப்ட்டே இலவசமாகத் தருகிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர் வேண்டும், அவ்வளவுதான். பாடமும் மைக்ரோசாப்ட் லேர்ன் தளத்தில் இலவசம்.

இனி எஸ்ஏபி. பேக்கேஜ் விலையை ஏற்றுவது பெரும்பாலும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃபைகோ என்று நடத்துவதில் பெரும்பகுதி, ஒரு கம்பெனியின் கணக்கு அமைப்பை எஸ்ஏபிக்குள் எப்படிக் கட்டுவது என்பது. அது கன்சல்டன்ட் வேலை. கணக்கு வேலையில் சில வருடம் ஊறியவர்களைத்தான் அதற்குத் தேடுவார்கள். டிகிரி முடித்துப் புதிதாகச் சேரும் பெண்ணுக்குக் கம்பெனியில் கிடைப்பது இன்வாய்ஸ் போஸ்டிங், வெண்டர் பேமென்ட் மாதிரி வேலை. அதற்கு எந்தத் திரையில் என்ன அடிக்க வேண்டும் என்பதைக் கம்பெனியே சொல்லிக் கொடுத்துவிடும். 19 வயதில் ஃபைகோ படிப்பது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கிப் படிக்கிற வயது அது இல்லை என்பது என் எண்ணம்.

அப்படியும் சேர்ப்பதாக இருந்தால், சென்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். எஸ்ஏபியின் புதிய பதிப்பான எஸ் ஃபோர் ஹானாவில் நடத்துகிறார்களா, பழைய பதிப்பான இசிசியிலா? இசிசிக்கான வழக்கமான பராமரிப்பை எஸ்ஏபி 2027 இறுதியோடு நிறுத்துகிறது. கம்பெனிகள் மாறிக்கொண்டிருக்கும்போது பழைய பதிப்பைப் படிப்பதில் அர்த்தமில்லை. இரண்டாவது, கடைசியில் கிடைக்கும் சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து? எஸ்ஏபி நிறுவனம் நடத்தும் தேர்வு தனி, அதற்குக் கட்டணமும் தனி. பேக்கேஜில் அந்தத் தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் உங்களுக்குக் கிடைக்கப்போவது சென்டர் அச்சடித்த தாள். பவர் பிஐக்கும் இதே கதைதான். மைக்ரோசாப்ட்டின் பிஎல்-300 தேர்வில் 1,000க்கு 700 எடுத்தால் வருவது ஒன்று, வகுப்புக்கு வந்துபோனதற்குக் கொடுப்பது வேறு. இரண்டிலும் லோகோ பளபளப்பாக இருக்கும்.

தவணை விஷயம்: அந்த ஃபார்மில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் சென்டரிடம் தவணை கட்டுவதில்லை, பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் வாங்குகிறீர்கள். நிதி நிறுவனம் முழுப் பணத்தையும் சென்டருக்கு அனுப்பிவிடும். மகளுக்கு செமஸ்டர் நெருக்கடி வந்து பாதியில் நின்றாலும், சென்டரே மூடினாலும், மாதம் பிறந்தால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) அடிபடும். கையெழுத்துக்கு முன் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற தாளைக் கேளுங்கள். வட்டி, மற்ற செலவெல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று அதில் இருக்க வேண்டும். இப்படி ஆன்லைனில் தரும் கடனில், அசலையும் அதுவரை ஆன வட்டியையும் கொடுத்து அபராதமில்லாமல் விலக ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தொடக்கத்தில் ஒரு செயலாக்கக் கட்டணம் பிடித்திருந்தால் அது திரும்ப வராமல் போகலாம்.

"வேலை 100 சதவீதம் உறுதி" என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். 50 பேருக்கு மேல் படிக்கும் பயிற்சி மையங்கள் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரிலேயே வழிகாட்டு நெறி வெளியிட்டுவிட்டது.

என்னைக் கேட்டால், இந்த வருடம் கல்லூரி டேலியையும் எக்செலையும் கெட்டியாகப் பிடிக்கட்டும். 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் அவள் கல்லூரிக்கு எந்தப் பயிற்சி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் கேட்கட்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரே ஒரு வெளித் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். மற்றதை வேலைக்குப் போன பிறகு, அந்த வேலை எது கேட்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கேள்வி: பிபிஏ படிக்கிறேன். என்பிடெல் சர்டிபிகேட்டுக்கு வெளியே மதிப்பு உண்டா? எல்லோரும் வீடியோவை ஓட்டிவிட்டு வாங்குவதுதானே?
– மாணவர், சேலம்

பதில்: வீடியோவை ஓட்டினால் சர்டிபிகேட் வராது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடங்கள் இவை. பாடம் இலவசம். தேர்வு எழுதினால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய். தேர்வு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன் எழுத வேண்டும். வார அசைன்மென்டுகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 அசைன்மென்டுகளை மட்டும் கணக்கில் எடுப்பார்கள்.

மதிப்பு என்றால், சர்டிபிகேட்டில் மதிப்பெண் அச்சாகும். சும்மா பாஸ் ஆனதும் தெரியும், நன்றாக எழுதியதும் தெரியும். இன்னொரு லாபம் கிரெடிட், அதாவது டிகிரிக் கணக்கில் சேரும் பாட மதிப்பு. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் வரும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் மூலம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இடம் கொடுக்கிறது. உங்கள் கல்லூரி எத்தனை ஏற்றுக்கொள்ளும் என்பது வேறு விஷயம். ஆகவே சேருவதற்கு முன்பே அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் மாற்றித் தருவார்களா என்று துறையில் எழுதி வாங்குங்கள். படித்து முடித்த பிறகு போய்க் கேட்டால் "போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) ஒப்புக்கொள்ளவில்லை" என்பார்கள். பிசினஸ் அனலிடிக்ஸ் மாதிரி பாடம் எடுத்தால் கணிதம் கொஞ்சம் கடிக்கும், தயாராக இருங்கள்.

கேள்வி: டேட்டா அனலிடிக்ஸ் கோர்ஸுக்கு 30,000 ரூபாய் முழுதாகக் கட்டினேன். மூன்றாவது வாரமே ஆசிரியர் நின்றுவிட்டார். இப்போது பதிவு செய்த வீடியோவைப் போடுகிறார்கள். பணம் திரும்பத் தர முடியாது என்று ரசீதின் பின்னால் எழுதியிருக்கிறதாம். என்ன செய்யலாம்?
– பி.காம் மாணவர், கோவை

பதில்: ரசீதின் பின்னால் எழுதிவிட்டால் அதுவே சட்டம் ஆகிவிடாது. நேரடி வகுப்பு என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு வீடியோ போடுவது சேவைக் குறைபாடு. கல்லூரி, பல்கலைக்கழகம் மீது நுகர்வோர் வழக்குப் போட முடியுமா என்பதில் சிக்கல் உண்டு, கோச்சிங் சென்டர் அந்தக் கணக்கில் வராது. 2020ல் தேசிய நுகர்வோர் ஆணையம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

முதலில் சென்டருக்கு மெயிலிலும் பதிவுத் தபாலிலும் ஒரு கடிதம். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், என்ன சொன்னார்கள், என்ன நடந்தது, எவ்வளவு திரும்ப வேண்டும், எத்தனை நாளுக்குள். போனில் சண்டை போடாதீர்கள், அதற்குச் சாட்சி இல்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதிலும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்திய விஷயங்களுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: நடந்த வகுப்புகளுக்கான பணத்தையும் சேர்த்து முழுதாகக் கேட்பதைவிட, நடக்காத பகுதிக்குக் கணக்குப் போட்டுக் கேட்டால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

கேள்வி: ரெகுலர் டிகிரி படிக்கும்போது வெளியே டிப்ளமோ சேர்ந்தால் டிகிரி செல்லாது என்கிறார்களே?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: பழைய பயம். ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளை 2022லேயே யுஜிசி அனுமதித்துவிட்டது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக்கூடாது. தனியார் சென்டர் கோர்ஸுக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமே இல்லை, அது டிகிரியைத் தொடாது. அட்டெண்டன்ஸ் குறைந்தால்தான் தொடும்.