சொந்த நிலத்தில் வேலி போட 811-ஐ ஏன் கூப்பிட வேண்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

வேலந்தாவளத்திலிருந்து வந்து நியூ ஜெர்சியின் எடிசனில் வீடு வாங்கியிருக்கும் நீங்கள், பின்பக்கம் வேலி போட ஆள் பேசியபோது, 811-க்குச் சொல்லி மூன்று நாள் காத்திருந்த பிறகுதான் குழி போட முடியும் என்று அவர் சொன்னதாகவும், நம் நிலத்தில் நாம் தோண்ட யாரைக் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் கொழிஞ்சாம்பாறைக்காரன் என்பதால் கேள்வியின் நியாயம் புரிகிறது. நம் பக்கம் தோப்புக்குள் ஜேசிபி இறங்குமுன், குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஊரில் தண்ணீர் திறந்துவிடும் பெரியவரைக் கேட்போம். அந்தப் பெரியவரின் வேலையை இங்கே ஒரு தொலைபேசி எண் செய்கிறது.

நீங்கள் கேட்கப்போவது அனுமதி அன்று. எந்த இடத்தில், என்றைக்குத் தோண்டப்போகிறீர்கள் என்று அறிவிக்கிறீர்கள், அவ்வளவுதான். 811-இல் அழைப்பை எடுக்கும் மையம் உங்கள் தகவலை எரிவாயு, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நிறுவனங்களுக்கு அனுப்பும். அவர்களுடைய ஆட்கள் கருவியோடு வந்து மண்ணுக்கடியில் தத்தம் குழாயோ கம்பியோ போகும் தடத்தைக் கண்டறிந்து புல்லின்மேல் வண்ணக் கோடு தெளித்துச் சிறு கொடி நட்டுப் போவார்கள். மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், ஆரஞ்சு தகவல் தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. செலவை நிறுவனங்களே ஏற்பதால் உங்களுக்குக் கட்டணம் கிடையாது.

இப்படி அறிவிப்பது நியூ ஜெர்சியில் சட்டம்; நீங்கள் வீடு வாங்கியிருக்கும் ஊருக்கும் அந்தச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1994 மார்ச் 23 இரவு, எடிசனில் 36 அங்குல விட்டமுள்ள எரிவாயுக் குழாய் வெடித்து, பக்கத்திலிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டுக் கட்டடங்கள் எரிந்துபோயின. என்றோ ஒரு நாள் தோண்டும் இயந்திரம் குழாயைக் கீறியிருந்ததும், அந்தக் கீறல் வெளியே தெரியாமலேயே விரிசலாக வளர்ந்ததுமே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. தோண்டுகிறவர் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும் என்னும் சட்டத்தை நியூ ஜெர்சி அதே ஆண்டில் இயற்றியது.

வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1994-இல் நடந்த கட்டுமான வேலையின்போது அடிபட்ட பெட்ரோல் குழாய் 1999 ஜூனில் உடைந்தது; ஓடையில் வழிந்த பெட்ரோல் தீப்பற்றி மூவர் இறந்தனர், அவர்களில் இருவர் பத்து வயதுச் சிறுவர்கள். அந்த உடைப்புக்கு வேறு கோளாறுகளும் காரணமாக இருந்தன என்றாலும், ஐந்து ஆண்டுக்கு முந்தைய அடியை ஒதுக்கிவிட முடியாது. குழாயில் மண்வெட்டி லேசாகப் பட்டால்கூட மண்ணைப் போட்டு மூடிவிடாமல் உரியவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரே அழைப்பில் எல்லா நிறுவனங்களுக்கும் தெரிவிக்கும் ஏற்பாடு இந்த விபத்துகளுக்கும் முந்தையது. மிச்சிகனில் 1970-லும் இல்லினாயில் 1974-லும் இத்தகைய மையங்கள் வந்துவிட்டன. ஆனால் ஊருக்கு ஓர் எண் என்றிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? குழாய்ப் பாதுகாப்பை மேம்படுத்த 2002-இல் வந்த மத்திய சட்டம் நாடு முழுவதற்கும் மூன்றிலக்க எண் ஒன்றைக் கேட்டது. 2005-இல் 811 ஒதுக்கப்பட்டு, 2007 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

உங்கள் வேலிக்கு வருகிறேன். வீட்டுத் தோட்டத்தில் கைக்கருவிகளால் செய்யும் வழக்கமான வேலைகளுக்கு நியூ ஜெர்சியில் விலக்கு உண்டு. கறிவேப்பிலைக் கன்று நட யாரையும் கூப்பிட வேண்டாம். ஆனால் வேலிக்காரர் குழி போடும் இயந்திரத்தோடு வருவார் என்பதால், வேலை தொடங்க மூன்று வேலைநாளுக்கு முன்பே அறிவித்தாக வேண்டும். சொல்ல வேண்டிய கடமை தோண்டுகிறவருடையது. ஆகவே அவரே கூப்பிட்டுப் பெற்ற பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்னும் வாய்வார்த்தைக்கு எந்த நாட்டிலும் ஒரே மதிப்புதான்! வண்ணக் கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டு அடிக்குள் இயந்திரம் போகக் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும். தடம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அந்தக் கோடு சொல்லாது.

இன்னொன்றையும் கவனியுங்கள்: நிறுவனங்கள் தங்களுக்குச் சொந்தமான தடங்களை மட்டுமே குறிப்பார்கள். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய், கொட்டகைக்கு இழுத்த மின்கம்பி போன்றவை முந்தைய வீட்டுக்காரர் தாமே புதைத்தவையாக இருக்கும். அவரிடமே கேளுங்கள், அல்லது காசு கொடுத்துத் தனியார் ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊரில் உங்கள் அண்ணன் தோப்புக்குப் புதுக் குழாய் பதிக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தியாவிலும் 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் செயலி தொடங்கப்பட்டது. தோண்டுகிறவரையும் கீழே தடம் வைத்திருப்பவரையும் அது தொடர்புபடுத்துகிறது. அதில் பதிந்துவிட்டு, தண்ணீர் திறந்துவிடும் பெரியவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்; பஞ்சாயத்துக் குழாயெல்லாம் எந்தச் செயலியிலும் ஏறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.