தலையங்கத்துக்கு ஒரு பாதம்

கேள்வி: பத்திரிகை நிருபரே துப்பறிகிற நாவல் வரிசைகளை விரும்பிப் படிக்கிறேன். போலீசாரால் முடியாததை அவர் முடித்துவிடுகிறார். தலையங்கம் எழுதுவதைத் தவிர உங்கள் பத்திரிகை இதுவரை எதையாவது கண்டுபிடித்ததுண்டா?

பதில்: தலையங்கத்தை அவ்வளவு இளப்பமாகப் பேசாதீர்கள். நீங்கள் விரும்பிப் படிக்கும் இனத்தின் மூதாதைகளில் ஒருவன் தலையங்கத்தின் புண்ணியத்தில்தான் வேலைக்கே சேர்ந்தான். காஸ்தோன் லெரூ 1907-இல் பிரெஞ்சில் தொடர்கதையாக எழுதிய 'மஞ்சள் அறையின் மர்மம்' நாவலின் நாயகன் ரூல்தபீய்க்கு வயது பதினெட்டு. பதினாறரை வயதில், பாரிஸின் ஓபர்காம்ப் தெருக் கொலையில் துண்டாக்கப்பட்ட பெண்ணுடலின் இடது பாதத்தைப் போலீசார் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்க, இவன் தற்காலிகச் சாக்கடைத் தொழிலாளர்களோடு சேர்ந்து உள்ளே இறங்கி, அதை எடுத்துவந்து 'லெபோக்' நாளிதழின் ஆசிரியர் முன் வைத்தான். ஆசிரியருக்கு அருவருப்பு தோன்றவில்லை. இந்தப் பாதம் அருமையான தலையங்கமாகும் என்றுதான் தோன்றியது. பாதத்தைத் தலையாக்கும் வித்தை எங்கள் தொழிலில் அன்றே இருந்திருக்கிறது.

மாதம் இருநூறு பிராங்க் சம்பளம் பேசி முடித்த ஆசிரியர் ஒரு நிபந்தனையும் போட்டார்: ஒரு மாதத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பையன் ஊரெல்லாம் சொல்ல வேண்டும், பாதத்தைக் கண்டெடுத்தது அவன் அல்ல, பத்திரிகை, இங்கே தனிமனிதன் ஒன்றுமில்லை, பத்திரிகையே எல்லாம். லெரூ 'லெ மத்தேன்' நாளிதழில் நீதிமன்றச் செய்தியாளராகக் காலம் தள்ளியவர் என்பதால், ஆசிரியர்களின் குணம் அவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை. இந்தப் பகுதியை எங்கள் இளைய நிருபர்களுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கட்டுரையில் பெயர் போடச் சொல்லி வரும் மனுக்கள் அதனால் குறைந்தபாடில்லை.

உள்ளே தாழிட்ட அறையில் ஒரு பெண்ணைத் தாக்கியவன் எப்படி வெளியேறினான் என்பதுதான் நாவலின் புதிர். அதை அவிழ்த்ததற்காக ரூல்தபீயை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என்னால் முடியவில்லை. குற்றவாளி யாரென்று தெரிந்துகொண்டே நீதிமன்றத்துக்கு வந்து, மாலை ஆறரை மணிக்குமுன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நீதிபதியிடமே சாதிக்கிறான். அதற்குக் கதையில் நியாயமான காரணம் உண்டு. ஆனால் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அச்சுக்குப் போகும் நேரம்வரை இழுத்தடிக்கும் நிருபரை எந்த ஆசிரியரும் மேதை என்று அழைக்க மாட்டார். எங்களிடமும் அப்படி இருவர் இருக்கிறார்கள், துப்பறிவதுதான் கிடையாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் இந்த நாவலை முதலில் படித்தது ஒரு வாடகை நூலகத்தின் ஆங்கிலப் பிரதியில். அதில் பாதிக்கு முன்பே ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் 'இவன்தான்' என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்திருந்தார். இரண்டு 'ன்'களின் புள்ளிகளும் புள்ளிகளாக இல்லாமல் சின்னச் சின்ன வட்டங்களாக இருந்தன. பல ஆண்டுகள் கழித்து, அச்சுப்படி ஒன்றின் ஓரத்தில் 'ஏன்?' என்று எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். மேலே அதே வட்டம். ஆசாமி எங்கள் அலுவலகத்திலேயே பிழை திருத்திக்கொண்டிருக்கிறார், கேட்டதும் ஒப்புக்கொண்டார். கண்டுபிடித்தது நான்தான் என்றாலும், மேற்படி நிபந்தனையின்படி பத்திரிகை கண்டுபிடித்ததாகவே குறித்துக்கொள்ளுங்கள்.