பிரேக் காலிப்பருக்கு எந்தப் பெயிண்ட் ஏற்றது?

தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் பழைய சிறிய காருக்கு அலாய் வீல் மாட்டிய பிறகு, முன்சக்கரங்களில் உள்ள துருப்பிடித்த காலிப்பர்கள் (பிரேக் பேடை டிஸ்க்கின்மீது அழுத்தும் பாகங்கள்) பளிச்சென்று வெளியே தெரிகின்றன. 600 டிகிரி தாங்கும் சைலன்சர் ஸ்ப்ரேயை அடிக்கும்படி பெயிண்ட் கடையில் சொல்கிறார்கள். அடிக்கலாமா?”

வேண்டாம். டின்னில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைப் பார்த்துக் காலிப்பர் பெயிண்டைத் தேர்ந்தெடுப்பது பலரும் செய்வதுதான், ஆனால் இங்கே முதலில் பார்க்க வேண்டியது அதுவன்று. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது டிஸ்க் கடுமையாகச் சூடேறும் என்பது உண்மையே. காலிப்பரின் உடல் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலைக் கவனியுங்கள்: புதிய டாட் 4 தர ஆயிலின் கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 230 டிகிரி; ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு அது 155 டிகிரிதான். எனவே காலிப்பர் முழுவதும் 300 டிகிரியில் நிலைத்திருக்குமானால், பெயிண்ட் கருகுவதற்கு முன்பே ஆயில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் அமுங்கிவிடும்.

பெயிண்டுக்கு உண்மையான சோதனை அந்த ஆயில்தான். டாட் 3, டாட் 4 வகைகள் கிளைக்கால் ஈதர் அடிப்படையிலானவை என்பதால், சாதாரண எனாமலில் சில துளிகள் பட்டாலே அது குமிழிட்டு உரிந்துவிடும். சைலன்சர் ஸ்ப்ரேயின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அதிலுள்ள சிலிக்கோன் பிசின் பொதுவாக 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுடப்பட்டால்தான் முழுமையாக இறுகும், அந்தச் சூடு அன்றாட நகர ஓட்டத்தில் காலிப்பருக்குக் கிடைப்பதில்லை.

ஆகவே என் பரிந்துரை, ஹார்ட்னர் கலந்து பிரஷ்ஷால் பூசும், காலிப்பருக்கென்றே விற்கப்படும் இரு பகுதி எபாக்ஸி பெயிண்ட். அது வேதிவினையால் இறுகுவதால் சூளை தேவையில்லை. பிரேக் ஆயிலையும் நன்றாக எதிர்க்கும். ஆயில் குழாயைக் கழற்றாமலே பூசிவிடலாம். கலந்த பெயிண்ட் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும் என்பதால் இரண்டு சக்கரங்களையும் ஒரே மூச்சில் முடிக்கத் திட்டமிடுங்கள். வெயிலில் எபாக்ஸியின் பளபளப்பு மெல்ல மங்கும் என்ற குறை உண்டு, ஆனால் சக்கரத்துக்குள் மறைந்திருக்கும் பாகத்துக்கு அது பெரிய இழப்பில்லை. பவுடர் கோட்டிங் இதைவிட உறுதியானதுதான்; எனினும் அதைச் சூளையில் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரியில் சுடுவதால், பிஸ்டனையும் ரப்பர் சீல்களையும் முன்பே கழற்றியாக வேண்டும். காலிப்பரைப் பிரித்துப் புதிய சீல் கிட் போடும் வேலை எப்படியும் இருந்தால் மட்டுமே அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

எதைப் பூசினாலும், கடற்கரை ஊர்க்காரரான நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது துருவை நீக்குவதில்தான். வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உதிரும் துரு முழுவதையும் அகற்றி, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே பூச வேண்டும். பிஸ்டனைச் சுற்றிய டஸ்ட் பூட் (ரப்பர் உறை), ஸ்லைடு பின்கள் (காலிப்பர் நகர உதவும் கம்பிகள்), ப்ளீடர் நிப்பிள் (ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றும் திருகு), பிரேக் பேட் நகரும் இடங்கள் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். பேட் நகரும் இடத்தில் பெயிண்ட் தடித்தால் பேட் சிக்கிக்கொண்டு ஓயாமல் டிஸ்க்கை உரசும். காலிப்பரைக் கழற்றினால் அதைக் கம்பியால் கட்டி நிறுத்துங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஆயில் கசிவோ பிஸ்டன் இறுக்கமோ தென்பட்டால், மெக்கானிக்கிடம் அதைச் சரிசெய்த பிறகே பெயிண்டைப் பற்றி யோசிக்கலாம்.

நிறம் உங்கள் விருப்பம். சிவப்பு அடித்தால் பிரேக் கூடுதலாகப் பிடித்துவிடாது, வெளிர் நிறம் அடித்தால் பேட் தூசு உடனே காட்டிக்கொடுக்கும். டின்னில் குறிப்பிட்ட நேரம் முழுவதும் உலரவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள். இனி பிரேக் ஆயில் மாற்றும்போது பெயிண்ட்மீது ஆயில் சிந்தினால் துணியால் மட்டும் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்; இந்த ஆயில் தண்ணீரில் கரையக்கூடியது.