கோட்டோ வாங்கணுமா? முதல்ல தந்தியை எண்ணுங்க அக்கா

கேள்வி: என் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா, ஏழு வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ. இப்ப ஒரு வருஷமா அனிமே பாத்து வீடு முழுக்க ஜப்பான் பாட்டுதான், அதுலயும் புதுப் பாட்டா இருக்கணும் ஆனா பழைய காலத்து ஜப்பான் மாதிரி ஒலிக்கணும். ஸ்கூல் ஆண்டு விழால "சென்போன்சகுரா" பாடப் போறாளாம், அதுக்கு கோட்டோங்கற ஜப்பான் தந்தி வாத்தியம் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஆன்லைன்ல ஒருத்தர் 38,000 ரூபாய்க்கு ஒரிஜினல் ஜப்பான் கோட்டோவும் ஆறு மாச க்ளாஸும் தரேங்கறார், அட்வான்ஸ் கேக்கறார். போட்டோ வச்சிருக்கேன். வாங்கலாமா? - திருச்சியிலிருந்து ஒரு அம்மா

பதில்: அட்வான்ஸ் குடுக்காதீங்க அக்கா. குடுத்தாச்சுன்னா இப்பவே போன் போட்டு திருப்பிக் கேளுங்க, மீதியை அப்பறமா படிச்சுக்கலாம்.

போட்டோவ பெருசு பண்ணி தந்திய எண்ணினேன், 21 வருது. ஒரு ஓரத்துல மூடி போட்ட பொட்டி மாதிரி இருக்கு பாருங்க, சுருதி சேக்கற ஆணியெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். அது கோட்டோவே இல்ல, சீனாவோட குஜெங். நல்ல வாத்தியம்தான், அத குறை சொல்லல, ஆனா அத ஜப்பான்னு சொல்லி விக்கறவன் நாளைக்கு எத வேணா சொல்லுவான். கோட்டோன்னா 13 தந்தி, கிட்டத்தட்ட ஆறடி நீளம், அந்த மூடி பொட்டியெல்லாம் கிடையாது. இந்த ஏமாத்து வாத்தியத்தோட நிக்கல. ஸ்டுடியோல நாங்க காசு குடுத்து வாங்கற சாம்பிள் பேக்லயே, அதாவது ரெடிமேடா பதிவு பண்ணி விக்கற வாத்திய சத்தங்கள்லயே, "ஜப்பான் கோட்டோ"ன்னு பேர் போட்ட ஃபோல்டருக்குள்ள குஜெங் இருந்துச்சு, நானே தெரியாம அத ஒரு விளம்பரத்துக்குப் போட்டு, கேட்டவர் சிரிச்சப்பறம்தான் எனக்கு உறைச்சுது.

சரி, நெஜ கோட்டோவே கிடைச்சாலும் அந்தப் பாட்டுக்கு அது வேணுமா? வேணாம். சென்போன்சகுரா 2011-ல குரோஉசா-பிங்கறவர் போட்ட பாட்டு, பாடினது மனுஷியே இல்ல, ஹட்சுனே மிகுங்கற கம்ப்யூட்டர் குரல். உங்க பொண்ணு பாத்தது அநேகமா வாகாக்கி பேண்ட் 2014-ல வாசிச்ச வீடியோவா இருக்கும், கோட்டோ, ஷாகுஹாச்சி புல்லாங்குழல், ஷாமிசென்ங்கற தந்தி வாத்தியம், பெரிய மேளம் எல்லாம் கிடார் ட்ரம்ஸோட சேந்து அடிக்கும். அத பாத்துட்டு கோட்டோனாலதான் அந்த வாசனை வருதுன்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க. கோட்டோவ எடுத்துட்டு வெறும் மெட்ட முணுமுணுத்துப் பாருங்க, வாசனை அப்படியே இருக்கும். ஏன்னா அது மெட்டுல இருக்கு.

வீட்ல கீபோர்டு இருந்தா பொண்ண உக்கார வைங்க, கறுப்புக் கட்டைய தொடவே வேணாம். சி, டி, ஈ, ஜி, ஏ. அவளே சொல்லுவா, மோகனம்னு. ஜப்பான்ல இதுக்கு பேரு யோனானுகி. அவங்க பழைய எண்ணிக்கைல ஹி, ஃபு, மி, யோ, இ, மு, நா-ன்னு ஏழு சுரத்தையும் எண்ணுவாங்க, அதுல நாலாவது "யோ", ஏழாவது "நா", ரெண்டையும் புடுங்கிப் போட்டா யோனானுகி. இதே அஞ்சு கட்டைய ஏ-ல ஆரம்பிச்சு வாசிச்சா சுத்த தன்யாசி வந்துடும், சென்போன்சகுரா பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். இதுல ஒரு வேடிக்கை, யோனானுகிங்கறது ஆதி காலத்து சொத்தெல்லாம் இல்ல, மெய்ஜி காலத்துல (1868-1912) மேல்நாட்டு சங்கீதத்த பள்ளிக்கூடத்துல கொண்டு வந்தப்ப ரெண்டும் கலந்து நிலைச்சுது. ரொம்ப பழசா, கோட்டோ வாசனையா வேணும்னா ஈ, எஃப், ஏ, பி, சி. இது மியாகோபுஷி, நம்ம கணக்குல கர்நாடக சுத்த சாவேரி. "சகுரா சகுரா"ங்கற பழைய ஜப்பான் பாட்டு இதுலதான் போகும்.

ஜப்பானோட தெக்குக் கோடில இருக்கற ஒகினாவா தீவுப் பாட்டுன்னா வேற அஞ்சு: சி, ஈ, எஃப், ஜி, பி. கம்பீர நாட்டை! இத வச்சு 1992-ல தி பூம் பேண்டோட மியாசாவா கசுஃபூமி "ஷிமா உதா"ன்னு ஒண்ணு போட்டார், அவர் ஒகினாவாக்காரரே இல்ல, மெயின்லேண்ட்ல இருக்கற யமனாஷிக்காரர். 1945 போர்ல ஒகினாவால செத்த ஜனங்களப் பத்தின பாட்டு அது. மெட்டு கம்பீர நாட்டை மாதிரியே போயிட்டிருக்கும், கரும்புக் காட்டுல சந்திச்சதும் பிரிஞ்சதும் வர்ற இடத்துல மட்டும் ஒகினாவா சுரத்த விட்டுட்டு மேல்நாட்டு ஸ்கேலுக்கு தாவிடும். அந்தச் சாவுக்கு காரணம் மெயின்லேண்ட் ஜப்பான், அதனால அங்க ஒகினாவா சுரத்த வைக்க மனசு வரலன்னு அவரே சொல்லியிருக்கார். பொண்ண அந்த எடத்துல "எந்த சுரம் புதுசா வந்துச்சு"ன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க, ஆறு மாச க்ளாஸுக்கு சமம்.

அவளுக்கு உண்மையான கஷ்டம் குரல்லதான் வரும். மோகனம்னு தெரிஞ்ச ஒடனே குரல் தானா காந்தாரத்த ஆட்டும், கமகம் போட்டுடுவா, போட்டா அது கச்சேரி ஆயிடும். சுரத்த நேரா நிறுத்திட்டு, முடியற எடத்துல மட்டும் சின்னதா ஒரு சுழி. அத அங்க கோபுஷிங்கறாங்க. 2002-ல "வாதாட்சுமி நோ கி" பாடின ஹாஜிமே சிதோசேவ கேக்கச் சொல்லுங்க, அமாமி தீவுக்காரங்க, குரல் திடீர்னு கள்ளக் குரலுக்கு உடைஞ்சு மேல போயி திரும்பும், அந்த உடைப்ப அந்த ஊர்ல "குஇன்"னு சொல்வாங்க. பின்னாடி என்ன வாத்தியம் போகுதுன்னே நமக்கு கவனம் வராது, அவ்ளோ அழுத்தமா அந்த ஊர் அந்தக் குரல்லயே இருக்கு.

இல்ல, வாத்தியம் வாங்கியே தீருவேன்னு அடம் புடிச்சா ஒரே ஒரு விஷயத்துல உஷாரா இருங்க. ஒகினாவால சன்ஷின்னு மூணு தந்தி வாத்தியம், கைக்கு அடக்கமா இருக்கும், பழகவும் சுலபம், புத்தி அங்கதான் போகும். ஆனா அதோட முகத்துல போத்தியிருக்கறது மலைப்பாம்புத் தோல். நெஜத் தோல் போட்டத ஜப்பான விட்டு வெளிய அனுப்பவே சைட்டிஸ் (அழியற உயிரினங்கள வச்சு நடக்கற வியாபாரத்த கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) பேப்பர் வேணும். "பரிசுப் பொருள்னு எழுதி அனுப்பிடறேன்"னு விக்கறவன் ஈஸியா சொல்லுவான், இங்க கஸ்டம்ஸ்ல புடிச்சா மாட்றது அவன் இல்ல, பார்சல்ல பேர் இருக்கற நீங்க. செயற்கைத் தோல்னு பில்லுலயே எழுதி வாங்குங்க, "லெதர்"னு மொட்டையா எழுதினா ஒத்துக்காதீங்க, "சிந்தெடிக்"ங்கற வார்த்தை இருக்கணும். பழைய ஷாமிசென், பழைய கோட்டோன்னா தந்தம் வேற ஒட்டியிருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. நான் ஒரு தடவை மீட்டற கட்டை ஒண்ணு வரவழைச்சேன், சாதா ப்ளாஸ்டிக், அது என்ன பொருள்னு விளக்கி மூணு மெயில் போட்டும் மறுபடி "பொருளின் விவரம் தரவும்"னே பதில் வருது. கடைசில கட்டைய விட ஹேண்ட்லிங் சார்ஜ் அதிகம். சோப்பு டப்பா சைஸ் பொருளுக்கே இந்தக் கதைன்னா ஆறடி கோட்டோவ யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு, பாடி யூட்யூப்ல போடறப்ப "காப்பிரைட் க்ளியர் பண்ணித் தரேன்"னு எவனாவது காசு கேட்டா குடுக்காதீங்க. ஜப்பான்ல பாட்டு எழுதறவங்க, மெட்டு போடறவங்க உரிமைய பாத்துக்கற சங்கம் ஜாஸ்ராக்குக்கும் யூட்யூபுக்கும் ஏற்கனவே ஒப்பந்தம் இருக்கு. சொந்தமா வாசிச்சுப் பாடறதுதான் நல்லது. எங்கயோ டவுன்லோட் பண்ண கரோக்கி ட்ராக் வேண்டாம், அந்த ரெக்கார்டிங்க்கு உரிமை வேற ஆள்கிட்ட.

ஆண்டு விழாவுக்கு ஒரு கீபோர்டு, கூட தபலா வாசிக்கற பையன் யாராவது இருந்தா போதும். கோட்டோ சத்தம் வேணும்னா கீபோர்டுலயே அந்த டோன் இருக்கும், அது கோட்டோவா குஜெங்கான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.