சொந்த வீட்டில் தங்கினால் பயணக் காப்பீடு உண்டா?

அண்ணே, முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு கானாடுகாத்தான் வருகிறீர்கள், தங்குவது பங்காளிகளோடு பொது வீட்டில், லாட்ஜ் ரசீது இல்லாததால் காப்பீடு செல்லாதோ என்று கேட்டிருந்தீர்கள். அது பாலிசியைப் பொறுத்தது. ‘பயணம்’ என்பதற்கு அதில் தந்திருக்கும் விளக்கத்தை முதலில் படியுங்கள். சிலவற்றில் காசு கட்டி முன்பதிவு செய்த தங்குமிடம் கட்டாயம், சிலவற்றில் வீட்டிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்ற தூரக் கணக்குதான். “பங்காளிகளோடு பொதுவான வீட்டில் தங்கினால் செல்லுமா?” என்று காப்பீட்டுக் கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொல்வதை நம்பாதீர்கள்.

பல்லவன் ரயிலுக்கு ஐஆர்சிடிசியில் டிக்கெட் போடும்போது வருகிற காப்பீட்டைக் கட்டாயம் டிக் செய்யுங்கள், பைசாக் கணக்குதான், ஆனால் அப்புறம் வரும் லிங்க்கில் நாமினி பெயரை நிரப்ப வேண்டும், நிறைய பேர் அதை விட்டுவிடுகிறார்கள். அது ரயில் பயணத்துக்கு மட்டும்தான். வீட்டுத் தரையின் ஈர ஆத்தங்குடிக் கல்லில் ஆத்தா வழுக்கி விழுந்தால் அதில் ஒன்றும் கிடைக்காது, அங்கே கைகொடுப்பது அவருடைய மருத்துவக் காப்பீடுதான். அதற்குத் தங்குமிட ரசீது தேவையில்லை. காரைக்குடியில் எந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் (கையிலிருந்து காசு கட்டாமல் காப்பீட்டிலேயே சிகிச்சை) உண்டென்று கிளம்பும் முன்பே பார்த்து, காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள்.