மழைக்கால சைக்கிள் ஷூ: ஈரம், நாற்றம், சேற்றுப்புண்

வணக்கம் நண்பரே. திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்கள், ஐப்பசி மழையில் ஷூ காய்வதே இல்லை, நாற்றம் வேறு, விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

ஷூவை விடுங்கள், முதலில் காலைக் கவனியுங்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் சேற்றுப்புண். நடவு வயலில் நிற்பவர்களுக்கு வரும் அதே பூஞ்சைத் தொற்று. விரலிடுக்கை நன்றாகத் துடைத்து, க்ளோட்ரிமசோல் க்ரீமை காலையும் இரவும் தடவுங்கள். ஆறியது போலத் தெரிந்தாலும் இன்னும் இரண்டு வாரமாவது நிறுத்தாதீர்கள். சர்க்கரை இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, ஷூவுக்கு வருவோம். வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் பாதம் படும் மெத்தையை, அதாவது இன்சோலை, தனியே எடுத்துவிட்டு, பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள். அது ஊறியதும் மாற்றுங்கள். அப்புறம் ஃபேனுக்கு எதிரே வாய் திறந்தபடி வையுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பசை விட்டுவிடும். நம் பக்கம் இந்த மாதங்களில் காற்றே ஈரமாக இருப்பதால் ஒரே ராத்திரியில் முழுதாகக் காயாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவதுதான் என் பார்வையில் உண்மையான தீர்வு. நாற்றம் ஈரத்தில் பெருகும் பாக்டீரியாவால் வருவது; சென்ட் அடித்துப் பயனில்லை.

ஷூவை அதிகம் நனைப்பது முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர். மட்கார்டின் அடியில் தரையை ஒட்டித் தொங்கும்படி ஒரு ரப்பர் துண்டு மாட்டுங்கள். ஆபீசில் மாற்று சாக்ஸும் ஒரு செருப்பும் இருக்கட்டும்.