உரிக்காதீர்கள், ஊறட்டும்

கேள்வி: 555 டைமர் சிப் வைத்த சர்க்யூட்டுக்கு வீட்டிலேயே பிசிபி (பாகங்களைச் செம்புக் கோடுகளால் இணைக்கும் பலகை) செய்து பார்க்கிறேன். கோடுகளின் படத்தை லேசர் பிரிண்ட் எடுத்து, செம்புப் பலகையில் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்துகிறேன். தண்ணீரில் போட்டுத் தாளை உரித்தால் பாதிக் கோடுகள் தாளோடு வந்துவிடுகின்றன. பெட்டியில் சூடு போதவில்லையா?
- பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

பதில்: ‘உரித்தால்’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, பாதி வினை அங்கேதான். தாளை உரிக்கவே கூடாது. பத்து, பதினைந்து நிமிடம் ஊறட்டும். அப்புறம் கட்டைவிரலால் தேய்த்தால் தாள் கூழாகி உதிரும். கோடுகளுக்கு நடுவே தங்கும் வெள்ளைப் பொடியைப் பழைய பல் பிரஷ் பார்த்துக்கொள்ளும்.

மீதிப் பாதி, செம்பில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. லேசர் பிரிண்டர் தாளில் பதிக்கும் டோனர் என்பது மை அல்ல, சூட்டில் உருகும் பிளாஸ்டிக் பொடி. விரல் பட்ட இடத்தில் அது ஒட்டாது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் செம்பு பளபளக்கும்வரை தேய்த்து, நெயில் பாலிஷ் ரிமூவரால் துடையுங்கள். அதன்பின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நான் இதை நம்பாமல் நாலு பலகை வீணடித்தவன்.

பெட்டியைக் காட்டன் சூட்டில் வையுங்கள், நீராவி வேண்டாம். வழவழப்பான தாள்தான் நல்லது. இழுக்காமல் மேலிருந்து அழுத்துங்கள், 3 முதல் 5 நிமிடம். இழுத்தால் கோடு கலைந்து பக்கத்துக் கோட்டோடு சேர்ந்துவிடும். இங்க்ஜெட் பிரிண்ட் உதவாது. ஜெராக்ஸ் எடுத்த தாள் உதவும், அதுவும் டோனர்தான்.

இடவலத்தையும் பாருங்கள். பலகையை வரையும் மென்பொருளில், செம்புக் கோடுகள் இருக்கும் அடிப்பக்க லேயரில் உங்கள் பெயரைப் போடுங்கள். தாளில் அது இடவலம் மாறித் தெரிந்தால் செம்பில் நேராக விழும். ஒருமுறை இதைக் கவனிக்காமல், ஐசி சிப்பைச் செம்புப் பக்கத்திலேயே வைத்துப் பற்றவைத்து மானம் காத்தேன்.

டோனர் மூடாத செம்பை அரித்தெடுக்க ஃபெரிக் குளோரைடு கரைக்கும்போது தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நன்றாகச் சூடாகும். பிளாஸ்டிக் தட்டு மட்டும். எவர்சில்வரை அது அரித்துவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம். என் வேட்டியில் தெறித்த இரண்டு சொட்டு இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது.

கரைசலில் இறக்குமுன் பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு விட்டுப்போன இடத்தில் பெர்மனெண்ட் மார்க்கரால் இரண்டு முறை தீட்டினால் போதும்.